கடன் தீர்ந்த வீட்டுக்கு யார் காவல்?

நெடுங்காலம் வாழ்ந்த வீட்டைத் தீக்குப் பறிகொடுத்த குடும்பத்திடம் நாம் அனைவரும் சொல்லும் முதல் வார்த்தை, ‘உயிர் தப்பினீர்களே, அதுவே போதும்’ என்பதாகும். சொல்பவர்களின் அன்பில் குறையில்லை. சொல்லும் உண்மையிலும் குறையில்லை. ஆயினும் மறுநாள் பொழுது விடியும்போது அந்த ஒரு வார்த்தை போதுவதில்லை. மாற்றுத் துணி வேண்டியிருக்கிறது. முதியவருக்கு அன்றாடம் கொடுக்கும் மாத்திரை வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டும். இரவில் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறுவதற்கு, ‘நான் இன்னார், இந்த வீடு என்னுடையது’ என்று காட்டும் தாள்கள் வேண்டும். அந்தத் தாள்களும் வீட்டோடு எரிந்து போயிருக்கும்.

இவ்விதழின் வாசகர்களில் பலர் சொந்த வீடு உடையவர்கள். இன்னும் பலர் ஒரு வீட்டுக்காக மாதந்தோறும் தவணை செலுத்தி வருகிறவர்கள். ஆகவே நம் கருத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு குடும்பம் எத்தனைக்கெத்தனை நெடுங்காலம் ஒரு வீட்டில் வாழ்கிறதோ, அத்தனைக்கத்தனை அந்த வீடு காவலின்றி நிற்கிறது. கடன் இருக்கும் வரை வங்கியின் கண் அதன்மேல் இருக்கிறது. கடன் தீர்ந்த நாளில் அந்தக் கண் விலகுகிறது. அதனுடன் காப்பீடும் பல வீடுகளில் விலகிவிடுகிறது. உழைத்து அடைத்த கடனுக்குப் பரிசாக, குடும்பம் தன் மிகப் பெரிய சொத்தைத் தீயின் கருணைக்கு விட்டுவிடுகிறது. இந்த நிலை மாற வேண்டும். மாற்றுவதற்கு வங்கிகளுக்கும் பங்கு உண்டு, வாடிக்கையாளர்களுக்கும் பங்கு உண்டு.

அல்டடீனா காட்டும் பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் அல்டடீனா என்ற ஊர் உள்ளது. ஏறத்தாழ 42,000 மக்கள் வாழ்ந்த ஊர். 2025 ஜனவரி 7ஆம் நாள் மாலையில் அருகிலிருந்த ஈட்டன் பள்ளத்தாக்குப் பகுதியில் பற்றிய தீ, சான்டா ஆனா என்று அப்பகுதி மக்கள் அழைக்கும் வறண்ட காற்றின் வேகத்தில் ஊருக்குள் புகுந்தது. 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதே நாள் காலையில் கடற்கரையோரமாகப் பாலிசேட்ஸ் பகுதியில் பற்றிய மற்றொரு தீயில் 6,000க்கும் மேற்பட்டவை அழிந்தன. இரண்டிலுமாக ஏறத்தாழ 30 பேர் மாண்டனர்.

பாலிசேட்ஸ் செல்வர்களும் திரைக் கலைஞர்களும் வாழ்ந்த பகுதியாதலால் உலகச் செய்திகளில் அதன் பெயரே முன்னே நின்றது. நாம் அல்டடீனாவைத் தனியே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நிற வேற்றுமையால் வேறு பல பகுதிகளில் வீடு வாங்க இயலாமல் தடுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் 1960களிலும் 1970களிலும் அங்கே குடியேறின. ஆசிரியர், அஞ்சல் ஊழியர், செவிலியர் போன்ற நடுத்தர வருவாயினர் வாங்கிய வீடுகள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தன. வீட்டின் விலை பல மடங்கு உயர்ந்தது. வீட்டில் இருப்பவரின் வருவாய் அவ்வாறு உயரவில்லை. கடன் என்றோ தீர்ந்துவிட்டது.

வீட்டுக் கடன் நிலுவையில் இருக்கும் வரை காப்பீடு கட்டாயம் என்று அந்நாட்டு வங்கிகள் நிபந்தனை விதிக்கின்றன. கடன் தீர்ந்த வீட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. காட்டுத்தீ அடிக்கடி பரவத் தொடங்கியதும் பிரீமியம் ஏறியது. சில பெரிய நிறுவனங்கள் கலிபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீடு எழுதுவதையே நிறுத்தின. பழைய காப்பீடுகள் பலவற்றைப் புதுப்பிக்க மறுத்தன. வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கென்று 1968 முதல் அம்மாநிலத்தில் ‘ஃபேர் பிளான்’ என்ற ஏற்பாடு உண்டு. அதன் காவல் குறுகியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர் இந்நிலையில் என்ன செய்வார்? சிலர் பழைய மதிப்பிலேயே காப்பீட்டை வைத்திருந்தனர். சிலர் அறவே கைவிட்டனர். தீ வந்தபோது, கடன் வாங்கிப் புதிதாக வீடு வாங்கியவரிடம் காப்பீடு இருந்தது. அரை நூற்றாண்டாக அங்கேயே வாழ்ந்தவர்களில் பலர் கையில் போதிய காப்பீடு இல்லை.

அரசு உதவியது. அமெரிக்கக் கூட்டரசின் பேரிடர் முகமை ஒரு குடும்பத்தின் வீட்டுத் தேவைக்கு அந்த ஆண்டு அளித்த உதவியின் உச்சவரம்பு 43,600 டாலர். அந்நகரில் ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்கே. சிறுதொழில் நிர்வாகம் என்ற மற்றோர் அரசு அமைப்பு வீட்டைக் கட்ட 5,00,000 டாலர் வரை குறைந்த வட்டியில் கடன் தருகிறது. அதுவும் கடன்தான். எழுபது வயதில் முப்பதாண்டுக் கடனைப் புதிதாகத் தொடங்குவது யாருக்கும் எளிதன்று.

இதற்கிடையே மனை வாங்குவோர் வந்தனர். சாம்பல் ஆறுவதற்கு முன்பே குறைந்த விலைக்கு மனையைக் கேட்டு அழைப்புகள் வந்தன. கேளாமலே வந்து குறைந்த விலை பேசுவதைக் குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதங்களுக்குத் தடுத்து மாநில ஆளுநர் ஆணையிட வேண்டியிருந்தது. ‘அல்டடீனா விற்பனைக்கு அன்று’ என்ற பலகைகள் ஊரில் எழுந்தன. வீடு தீயில் போயிற்று. அவசரத் தேவையால் நிலமும் போய்விடுமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிதாயிற்று.

நம் மலைகளும் நம் வீடுகளும்

இது எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று எண்ணுவதற்கில்லை. நம் நாட்டின் காடுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அடிக்கடி தீப்பற்றும் நிலையில் உள்ளதென்று இந்திய வன ஆய்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. உத்தராகண்டின் சீர் பைன் காடுகளில் கோடைக்கு முன் உதிரும் ஊசியிலைகள் பிசின் நிறைந்தவை. ஒரு பீடித் துண்டு போதும். 2024 ஜூன் மாதம் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் உயிரிழந்ததை நாடு கண்டது.

கலிபோர்னியாவைப் போல ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் காட்டுத்தீ விழுங்கிய நிகழ்ச்சி நம் நாட்டில் இல்லை. நம் மலையூர்களில் இழப்பு வேறு விதமாக வருகிறது. ஹிமாசலப் பிரதேசத்தில் கல்லும் தேவதாரு மரமும் மாறி மாறி அடுக்கிக் கட்டும் காத்-குணி வீடுகள் நிலநடுக்கத்தைத் தாங்கி நூறாண்டுகளுக்கு மேல் நிற்பவை. பனிக்காலத்துக்கு வேண்டிய வைக்கோலும் விறகும் வீட்டோடு ஒட்டியே சேமிக்கப்படுகின்றன. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தீயணைப்பு வண்டி செல்லச் சாலை இருப்பதில்லை. குலு மாவட்டத்தின் மலானா கிராமத்தில் 2008ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் தீ பல வீடுகளை அழித்தது. பொறி காட்டிலிருந்து வந்தாலும் அடுப்பிலிருந்து வந்தாலும், இழந்தவரின் நிலை ஒன்றே.

அந்த வீடுகளுக்குக் கடன் இல்லை; ஆதலால் வங்கிக் கோப்பு இல்லை; ஆதலால் காப்பீடும் இல்லை. பல இடங்களில் வீடும் நிலமும் இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கின்றன. உத்தராகண்ட் மலைப்பகுதியில் பல பங்காளிகளின் பெயர்கள் ஒரே கணக்கில் கலந்து கிடக்கும் நில ஆவணத்தைக் ‘கோல் காத்தா’ என்பார்கள். வீடு நிற்கும் வரை அந்தக் கலப்பு யாருக்கும் இடையூறாக இருப்பதில்லை. வீடு எரிந்த பின், இழப்பீடு யாருக்கு என்ற கேள்வி எழும்போதுதான் அது முட்டுக்கட்டையாகிறது. அல்டடீனாவிலும் பெற்றோர் பெயரிலிருந்து மாற்றாமல் விடப்பட்ட வீடுகளுக்கு இதே இடர் நேர்ந்தது. ஆண்டுகள் பல கடந்த வீட்டுக்கு அன்பு சேர்கிறது, ஆவணம் சேர்வதில்லை.

அரசின் கை எவ்வளவு தூரம் நீளும்?

நம் நாட்டில் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி பெறத்தக்க இடர்களின் பட்டியலில் தீயும் அடங்கும். 2022 முதல் 2026 வரைக்கான விதிகளின்படி, முற்றிலும் அழிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாயும் மலைப்பகுதியில் 1,30,000 ரூபாயும் வரையறுக்கப்பட்டுள்ளன. குடிசைக்கு 8,000 ரூபாய். துணிமணிக்கும் பாத்திரம் பண்டங்களுக்கும் குடும்பத்துக்குத் தனித்தனியே 2,500 ரூபாய். ஹிமாசலப் பிரதேசத்தில் காட்டு உரிமையுள்ள குடும்பங்களுக்கு வீடு கட்டச் சலுகை விலையில் மரம் வழங்கும் பழைய நடைமுறையும் உண்டு.

இந்தத் தொகைகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இவை நிவாரணம்; ஈடன்று. பசியாற்றவும் கூரை வேயவும் அரசு நீட்டும் கை அது. முப்பது ஆண்டு உழைப்பில் எழுந்த வீட்டை அப்படியே திருப்பித் தருவது அதன் பணியும் அன்று, அதனால் இயல்வதும் அன்று. செல்வம் மிகுந்த அமெரிக்க அரசின் உச்சவரம்பே ஒரு வீட்டைக் கட்டப் போதவில்லை என்பதைக் கண்டோம். ‘ஏதேனும் நேர்ந்தால் அரசு பார்த்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கையில் வீட்டை விட்டுவைப்பது தகாது என்பதே நம் முடிவு.

காப்பீட்டில் தெரிய வேண்டியவை

சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே இரு சக்கர வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது. அதை நிறுத்திவைக்கும் வீட்டுக்கு இல்லை. கேட்டால், வீட்டுக் காப்பீடு என்பது பெரிய பங்களாக்களுக்கு உரியது என்று பலர் விடையளிக்கின்றனர். அது சரியன்று.

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் ஆணைப்படி 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு விற்பனையில் உள்ளது. எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றோடு காட்டுத்தீயும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. காப்பீட்டுத் தொகை மனையின் விலையைப் பொறுத்ததன்று. கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவைப் பொறுத்தது. 1,000 சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகுமெனில், காப்பீட்டுத் தொகை 20 லட்சம் ரூபாய். வீட்டுப் பொருள்களுக்கு, பட்டியல் ஏதும் தராமலே, கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டுத் தானாகவே சேரும். மேற்சொன்ன வீட்டுக்கு அது 4 லட்சம் ரூபாய் ஆகும்.

இன்னொரு விதியும் முக்கியமானது. பழைய முறையில், வீட்டின் மதிப்பில் பாதித் தொகைக்கே காப்பீடு செய்திருந்தால், ஏற்பட்ட இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். 4 லட்சம் ரூபாய்க்குச் சேதம் என்றால் 2 லட்சம் மட்டுமே வரும். புதிய காப்பீட்டில் இந்தக் கழிவு நீக்கப்பட்டுள்ளது. எனினும் காப்பீட்டுத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது என்பதால், கட்டுமானச் செலவு ஏறுவதற்கேற்பத் தொகையையும் உயர்த்திக்கொள்வது நலம். பல்லாண்டுக் காப்பீடாக எடுத்தால் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு தானே உயரும் ஏற்பாடும் உண்டு. சுவரும் கூரையும் மரமா, ஓடா, கான்கிரீட்டா என்பதை விண்ணப்பத்தில் உள்ளவாறே சொல்ல வேண்டும். மறைத்தால் பிற்பாடு இழப்பீடு தடைபடக்கூடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிவிட விரும்புகிறோம். வீட்டுக் கடன் பெறும்போது காப்பீடு ஒன்று எடுத்ததாகப் பலருக்கு நினைவிருக்கும். பெரும்பாலும் அது கடன்தாரரின் உயிர்மீது எடுத்த காப்பீடு. அவர் இறந்தால் நிலுவைக் கடனை அடைப்பதற்கானது. வீடு எரிந்தால் அதிலிருந்து ஒன்றும் வராது. வீட்டின்மீது காப்பீடு எடுத்திருந்தாலும், கடன் முடியும் வரை அதில் வங்கியின் உரிமையும் சேர்ந்தே இருக்கும். வீடு அழிந்ததால் கடன் அழிவதில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. இருக்காத வீட்டுக்கு மாதத் தவணையும், இருக்கும் வாடகை வீட்டுக்கு மாத வாடகையும் செலுத்துவது போன்ற துன்பம் வேறில்லை.

வங்கிகள் செய்ய வேண்டியவை

வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. வங்கித் துறை செய்ய வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கடன் முடியும் நாளைக் காப்பீடு முடியும் நாளாக விடக்கூடாது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரத்தைக் கையில் கொடுக்கும் அந்த நாளே தக்க தருணம். ‘உங்கள் வீட்டின் காப்பீடு இந்தத் தேதியோடு முடிகிறது, தொடர விருப்பமா?’ என்று ஒரு தாளில் எழுதித் தருவதற்குச் செலவில்லை. தொடர்வதும் விடுவதும் வாடிக்கையாளரின் விருப்பம். எந்த நிறுவனத்தின் காப்பீட்டையும் வற்புறுத்தி விற்பது கூடாது.

இரண்டாவது, எளிய வழி ஒன்றை நாடு முழுதும் திறக்கலாம். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் தானே பிடிக்கப்பட்டு, 2 லட்சம் ரூபாய் காப்பீடு கிடைக்கிறது. கோடிக்கணக்கான கணக்குகளில் இந்த வழி ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது. அதே வாய்க்காலில் சிறு வீடுகளுக்கான ஓர் அடிப்படைக் காப்பீட்டையும் ஓடவிடுவது இயலாத செயலன்று. பிரீமியத்தின் அளவை வல்லுநர்கள் கணக்கிடட்டும். மலையூர்களுக்கும் குடிசைகளுக்கும் அரசு ஒரு பங்கை ஏற்கட்டும். பாட்டனார் பெயரில் உள்ள வீட்டில் குடியிருப்பவரும் சேரும்படி விதிகள் அமையட்டும்.

மூன்றாவது, தனிக் குடும்பத்தின் இழப்பையும் பேரிடராகக் கருத வேண்டும். இயற்கைச் சீற்றம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கடன்களைச் சீரமைக்கவும் புதுக் கடன் வழங்கவும் ரிசர்வ் வங்கி 2018ஆம் ஆண்டில் விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. காப்பீட்டுப் பணம் வரும் என்று நம்பத் தகுந்த காரணம் இருக்குமிடத்தில், அது வந்து சேரும் வரை காத்திராமல் வங்கிகள் பரிவுடன் உதவலாம் என்பதும் அதில் அடங்கும். நல்ல விதி. ஆனால் ஒரு மாவட்டமே பாதிக்கப்பட்டால் வங்கியாளர் குழு கூடுகிறது. ஒரு மலையூரில் ஐந்து வீடுகள் எரிந்தால் எந்தக் குழுவும் கூடுவதில்லை. எரிந்த ஐந்து குடும்பங்களுக்கும் இழப்பு முழுமையானதே. அவர்களின் தவணையைச் சில மாதங்கள் தள்ளிவைக்கும் அதிகாரம் கிளை மேலாளரிடமே இருக்க வேண்டும்; அதற்கான தெளிவான விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, நிவாரணப் பணத்தில் கை வைத்தல் ஆகாது. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் நிலச்சரிவு பல ஊர்களை அழித்தது. அரசு அளித்த நிவாரணத் தொகை வந்து சேர்ந்ததுமே, சில குடும்பங்களின் கணக்கிலிருந்து கடன் தவணை தானாகப் பிடித்துக்கொள்ளப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின் பணம் திருப்பித் தரப்பட்டது. யாரும் தீங்கு எண்ணிச் செய்ததன்று. கணினிக்கு இரக்கம் தெரியாது, அவ்வளவே. இரக்கம் தெரிந்த மனிதர்கள் அந்தக் கணினிக்கு முன்கூட்டியே கட்டளையிட்டு வைக்க வேண்டும். அதே பேரிடரில் கேரள வங்கி தன் சூரல்மலைக் கிளையில் பாதிக்கப்பட்டவர்களின் கடன்களைத் தள்ளுபடி செய்தது என்பதையும் இங்கே நினைவுகூர்கிறோம். எல்லா வங்கியாலும் எல்லா இடத்திலும் அவ்வாறு செய்ய இயலாது. தவணையை நிறுத்திவைப்பது எல்லாராலும் இயலும்.

உதவி கேட்பது இழுக்கா?

வீடிழந்தவர்கள் பலர் உதவி கேட்கவே தயங்குகின்றனர். அதிலும், நாற்பது ஆண்டுகள் ஓர் ஊரில் மதிப்போடு வாழ்ந்து, பிறருக்குக் கொடுத்தே பழகியவர்களுக்குக் கை நீட்டுவது மரணத்துக்கு ஒப்பாகத் தோன்றுகிறது. திருக்குறளில் ‘இரவு’ என்ற அதிகாரமும் ‘இரவச்சம்’ என்ற அதிகாரமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது காரணமின்றி அன்று. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் வாழ்க்கை. கேட்க நேருமோ என்று அஞ்சுவதும் வாழ்க்கை.

இன்று இணையம் வழியே ஊரறியக் கேட்டு நிதி திரட்டும் முறை வந்துள்ளது. அல்டடீனாவில் ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு கேட்டனர். அயலார் அள்ளிக் கொடுத்தனர். அந்த ஈகையைப் போற்றுகிறோம். ஆனால் அந்த முறையின் குறையையும் காண வேண்டும். நண்பர் மிகுந்தவர், எழுதத் தெரிந்தவர், நல்ல படங்கள் உடையவர் ஆகியோரின் வேண்டுகோள் விரைவில் நிறைகிறது. தனித்து வாழும் முதியவரின் வேண்டுகோள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. இதை உணர்ந்த தன்னார்வலர்கள், கவனம் பெறாத குடும்பங்களின் வேண்டுகோள்களைத் தொகுத்துப் பட்டியலிட்டுப் பரப்பினர். குறிப்பிட்ட ஒரு தேவைக்கென்று திரட்டிய பணம், அதே தேவைக்கு அரசு தரும் உதவியைக் குறைக்கக்கூடும் என்ற சிக்கலும் அங்கே எழுந்தது. துயரத்தை அழகாகச் சொல்லத் தெரிந்தவருக்கே வீடு திரும்பக் கிடைக்கும் என்றால், அது நீதியாகாது.

நம் திருமண வீடுகளில் மொய் எழுதுகிறோம். இன்று நாம் எழுதியது நாளை நம் வீட்டு நிகழ்ச்சியில் திரும்பி வருகிறது. வாங்குபவர் நாணுவதில்லை, நோட்டில் கணக்கு இருக்கிறது. காப்பீடு என்பதும் தீக்கு முன்பே எழுதி வைத்த மொய்தான். பல லட்சம் குடும்பங்கள் எழுதுகின்றன. எரிந்த சில குடும்பங்களுக்கு அது சென்று சேர்கிறது. அங்கே யாரும் கை நீட்டவில்லை, உரிமையைப் பெறுகின்றனர். அந்த உரிமை மறுக்கப்பட்டால் முறையிடவும் வழி உண்டு. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் அளித்து 30 நாட்களில் தக்க விடை வராவிடில், 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

வாசகர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். வீட்டுப் பத்திரம், வரி ரசீது, காப்பீட்டுத் தாள், அடையாள அட்டைகள் ஆகியவற்றின் நகல்களை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணங்கள் சட்டப்படி மூல ஆவணங்களுக்கு நிகரானவை. எரிந்த பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். அதற்குப் பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்திருந்தால் வேலை எளிதாகும். அந்த இரண்டையும் வெளியூரில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ எழுதி அனுப்பி வைக்கலாம். ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால், பின்னர் மதிப்பீட்டாளர் கேட்கும்போது நினைவைத் துழாவ வேண்டியிராது.

பெயர் மாற்றம் செய்யாமல் விட்ட வீட்டுக்குப் பங்காளிகள் அனைவரும் நல்லுறவில் இருக்கும்போதே பெயர் மாற்றிக்கொள்வது அறிவுடைமை. பெரும் தொகையை ரொக்கமாக வீட்டில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கருகிப் பொடியும் நோட்டுகளைக் கிளைகளில் மாற்ற இயலாது. ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்கே செல்ல வேண்டும். தீயில் எல்லாவற்றையும் இழந்து கணக்குத் தொடங்க வருபவர்களுக்கு, வழக்கமான சான்றுகள் இல்லாவிடினும், எளிய வழிகளில் வரம்புக்குட்பட்ட கணக்கைத் தொடங்க விதிகளில் இடமுண்டு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. நமக்குத் தேவைப்படாவிடினும், தேவைப்படும் ஒருவருக்கு நாம் எடுத்துச் சொல்லலாம்.

எந்தக் காப்பீடும் தாத்தா நட்ட பலாமரத்தைத் திருப்பித் தராது. சுவரில் பிள்ளைகளின் உயரத்தை ஆண்டுதோறும் குறித்து வைத்த கோடுகளுக்கு விலை குறிக்க எந்த மதிப்பீட்டாளராலும் இயலாது. அந்த இழப்பைக் குடும்பம் தானே சுமந்தாக வேண்டும். ஆனால் அதைச் சுமக்கும் தோளில் வாடகையும் தவணையும் வட்டியும் சேர்த்து ஏற்றப்படாமல் காப்பது மனிதர்களால் இயலும் காரியம். சில நூறு ரூபாய் பிரீமியமும், ஒரு மாலைப்பொழுதும், வங்கியின் ஒரு தாளும் அதற்குத் துணை நிற்கும். கடன் தீர்ந்த வீட்டுக்கு யார் காவல் என்று கேட்டோம். வீட்டுக்குரியவரே முதற் காவல். வங்கி அடுத்த காவல். அரசு கடைசிக் காவல். இந்த வரிசை தலைகீழாக இருக்கும் வரை, எரிந்த வீடுகள் எழுவதற்கு ஆண்டுகள் பல ஆகும்.